ஊர்தி ஓடாத தீவு

பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறிய நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறை கிடைத்தால் ஊருக்குப் புறப்படுகிறோம். குலதெய்வத்தைக் கும்பிட்டு, உற்றார் உறவினரைக் கண்டு திரும்புகிறோம். ஆயின், ஆண்டு முழுதும் நாம் வாழ்கின்ற ஊரில் காணத்தக்கவை எவை என்று யாரேனும் கேட்டால், “இங்கேதானே இருக்கின்றன, ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம்” என்பதே நம் விடையாக இருக்கிறது. அந்த ஒருநாள் வருவதற்குள் பிள்ளைகள் வளர்ந்து விடுகிறார்கள். வேலையில் மாற்றல் வந்து விடுகிறது. மும்பையின் மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் தமிழரிடையேயும், துறைமுகத்துக்கு எதிரே கடலில் கிடக்கும் காராபுரித் தீவுக்கு இன்னும் சென்று வாராதவர் இருக்கவே செய்கின்றனர்.

அத்தீவைப் பற்றிச் சில செய்திகளை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். சிற்பங்களின் பெருமையை மட்டும் பேசி நிறுத்துவது நம் நோக்கமன்று. நகரத்தின் இரைச்சல் எட்டாத இடம் என்று நாம் மகிழ்ந்து செல்லும் அத்தீவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் குடியிருந்து வாழ்கின்றனர். இடையே கிடக்கும் கடல் நமக்கு அமைதியைத் தருகிறது. அவர்களுக்கோ அதே கடல் நெடுங்காலம் தடையாக நின்றது. இவ்விரண்டையும் சேர்த்து அறிந்து செல்வோர்க்கே அத்தீவு முழுமையாகப் புலப்படும்.

இடமும் பெயரும்

மும்பையின் அபோலோ பந்தர் கரையிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், துறைமுகக் கடலின் நடுவே அமைந்திருப்பது காராபுரி. உலகம் அதனை எலிபெண்டா என்ற பெயரால் அறியும். மும்பையிலிருந்து மக்கள் சென்று வருகின்ற போதிலும், ஆட்சி முறையில் அது மும்பை நகரைச் சேர்ந்ததன்று. ராய்கட் மாவட்டத்தின் உரண் வட்டத்தைச் சேர்ந்தது. தீவின் நீளம் ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர். ஏறக்குறைய 150 மீட்டர் உயரமுள்ள இரண்டு குன்றுகளும், அவற்றின் இடையே ஒரு சிறு பள்ளத்தாக்குமே தீவின் உருவம். மேட்டு நிலத்தில் பனையும் மாவும் புளியும் செழித்திருக்கின்றன. கரையோரச் சேற்றில் அலையாத்தி மரங்கள் அடர்ந்து நிற்கின்றன.

எலிபெண்டா என்னும் பெயர் போர்த்துக்கீசியர் இட்டது. 16-ஆம் நூற்றாண்டில் இப்பகுதி அவர்கள் கைக்கு வந்தபோது, படகுகள் கரை சேரும் இடத்தருகே பாறையில் செதுக்கிய பெரிய யானை ஒன்று நின்றிருந்தது. அதனைக் கண்டு, யானைத் தீவு என்ற பொருளில் தம் மொழியில் பெயர் வைத்தனர். அதற்கு முன்பே நீண்ட வரலாறு உடையது இத்தீவு. சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி, மேலைக் கடலின் திருமகள் போன்ற புரி என்னும் நகரைக் கப்பற்படை கொண்டு வென்றதாக 634-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐஹொளெக் கல்வெட்டு கூறுகிறது. அந்தப் புரி இந்தக் காராபுரியே எனச் சில அறிஞர் கருதுவர்.

கடல் வழி

இந்திய வாயில் என்று நாம் அழைக்கும் பெருவளைவின் அருகிலிருந்து படகுகள் புறப்படுகின்றன. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்திறங்கியதன் நினைவாகத் தொடங்கப்பெற்று, 1924-இல் கட்டி முடிக்கப்பெற்றது அவ்வாயில். மன்னரை வரவேற்ற நினைவுக்காக எழுந்த அந்த வாயிலின் வழியாகவே, 1948 பிப்ரவரி 28 அன்று ஆங்கிலேயரின் கடைசிப் படைப்பிரிவு நம் நாட்டை விட்டு வெளியேறியது.

படகுகள் பெரும்பாலும் மரத்தால் ஆன விசைப்படகுகள். மும்பை மக்கள் அவற்றை ‘லாஞ்ச்’ என்பர். கீழ்த்தளத்தில் நிழலுண்டு, மேல்தளத்தில் காற்றும் காட்சியும் உண்டு. மேல்தளத்தில் அமர்வதற்குச் சிறுதொகை தனியே கேட்பார்கள். பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரம் வீண் என்று எண்ண வேண்டியதில்லை. ஒரு பெருந்துறைமுகம் எவ்வாறு இயங்குகிறது என்பதை நம் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட எளிய வழி வேறில்லை. நங்கூரமிட்ட சரக்குக் கப்பல்களும் கடற்படைக் கலங்களும் இருமருங்கும் தோன்றும். எண்ணெய்க் கப்பல்கள் வந்து சரக்கிறக்கும் ஜவாஹர் தீவு வழியில் காணப்படும். தீவை நெருங்கும்போது, 1989-இல் தொடங்கப்பெற்ற நாவா சேவா துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வானத்தில் வரிசையாகத் தெரியும். வடக்கே, 2024 சனவரியில் திறக்கப்பெற்ற அடல் சேது என்னும் பாலம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீண்டு, மும்பையை மறுகரையோடு இணைக்கிறது. நாள்தோறும் பல்லாயிரம் ஊர்திகள் ஓடும் அப்பாலம் தீவைத் தொடாமலே செல்கிறது. காராபுரிக்கு இன்றும் படகே வழி.

குளிர்காலத்தில் தொலைதேசங்களிலிருந்து வலசை வரும் கடற்காகங்கள் படகைத் தொடர்ந்து பறக்கும். பயணிகள் காராபூந்தி போன்ற தின்பண்டங்களை வீசி மகிழ்வதுண்டு. மீனுண்டு வாழும் பறவைக்கு எண்ணெயில் பொரித்த பண்டம் உணவாகாது. கண்டு மகிழ்தல் போதும்.

கடற்பயணத்தில் காக்க வேண்டிய கட்டுப்பாடு ஒன்றையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். 2024 டிசம்பர் 18 அன்று, இத்தீவை நோக்கிச் சென்ற பயணப் படகின்மீது, இயந்திரச் சோதனையில் ஈடுபட்டிருந்த கடற்படைப் படகு ஒன்று கட்டுப்பாடிழந்து மோதியது. பயணப் படகு கவிழ்ந்து 15 உயிர்கள் மாண்டன. அதன்பின் உயிர்காப்புச் சட்டை அணிவது கட்டாயமாக்கப்பட்டது. வெயிலென்றும் வியர்வையென்றும் அதனைக் கழற்றி வைப்போர் இருக்கலாம்; நாம் அவ்வாறு செய்யலாகாது. ஏறியவுடன் குழந்தைகளுக்கு முதலில் அணிவித்து, வாரை இறுக்கிய பிறகே இருக்கையில் அமர வேண்டும்.

கால் வழி

படகு தீவின் வடபுறத்தில் நீண்ட மேடைத் துறையில் நிற்கும. கரை தாழ்ந்து சேறாக இருப்பதனால் மேடையைக் கடலுக்குள் வெகுதூரம் நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். துறையிலிருந்து குன்றின் அடிவாரம் வரை ஒரு பொம்மை ரயில் ஓடுகிறது. நடந்தே சென்றாலும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. காரோ பேருந்தோ ஆட்டோவோ இங்கே இல்லை. அடிவாரத்திலிருந்து குகைவாயில் வரை ஏறத்தாழ 120 படிகள் ஏற வேண்டும். படியின் இருமருங்கும் தீவு மக்களின் கடைகள் நிழல் தந்து நிற்கின்றன. முதியோரையும் நடக்க இயலாதோரையும் நாற்காலியில் அமர்த்தித் தோளில் சுமந்து செல்லும் டோலிக்காரர்கள் அடிவாரத்தில் இருப்பார்கள். கூலியை ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்வது இருவர்க்கும் நலம்.

ஊர்தி இன்மையால் விளையும் நன்மை, நகரவாசிகளாகிய நமக்கு இறங்கிய சிறிது நேரத்திலேயே புலப்படும். குழந்தையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டே நடந்து பழகிய தாயின் பிடி தானே தளர்கிறது. பேசுவோர் குரலை உயர்த்த வேண்டியிருப்பதில்லை. வாசல்வரை ஊர்தியில் வந்திறங்கி, கால் மணியில் பார்த்து முடித்து, அடுத்த இடத்துக்கு விரைவது இங்கே இயலாது. ஒரு மணி நேரம் கடலில் அமர்ந்தும், படிப்படியாக ஏறியும் வந்தவன் சிற்பத்தின் முன் நிற்கும்போது, அவனுடைய மனமும் நடையின் வேகத்துக்கு இறங்கியிருக்கிறது. மெல்லக் காண வேண்டிய பொருளை மெல்லக் காணும் பக்குவம் அவனுக்கு வழியிலேயே வந்து விடுகிறது.

குகைக் கோயில்

தீவில் சைவக் குகைகள் 5 உள்ளன. மற்றொரு குன்றில் பௌத்தர்களின் குகைகள் 2-ம், பழைய தூபியின் தடயமும் காணப்படுகின்றன. இவை அனைத்திலும் தலைமையானது, மேற்குக் குன்றில் உள்ள முதற்குகை. 1987-இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்குகைகளை உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. இது நாள்தோறும் பூசை நடைபெறும் கோயிலன்று. இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ள நினைவுச் சின்னம்.

தக்காணத்தின் பெரும்பகுதியைப் போலவே இத்தீவும் ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு உறைந்து பாறையானதால் உருவானது. அக்கரும்பாறையைக் குடைந்தே இக்கோயிலை அமைத்தனர். கட்டடம் எழுப்புவோர் தரையில் தொடங்கி மேலே செல்வர். குடைவரை அமைப்போர் விதானத்தில் தொடங்கிக் கீழே வருவர். தூணாக நிற்க வேண்டிய பாறையை விட்டுவைத்து மற்றதை அகற்ற வேண்டும். தெய்வ உருவத்துக்கு வேண்டிய பாறையைச் சுவரிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். உளி ஒருமுறை தவறி விழுந்தால் பெயர்ந்த கல்லை மீண்டும் பொருத்த இயலாது. இந்த அருமையை மனத்திற்கொண்டு உள்ளே நுழைந்தால், 39 மீட்டர் ஆழம் நீண்டு செல்லும் அம்மண்டபத்தின் ஒவ்வொரு தூணும் நம்மை நிறுத்தி வைக்கும். நெல்லிக்கனியை மேலிருந்து அழுத்தி வைத்தாற்போலத் தோன்றும் வரியிட்ட தலைப்பகுதியோடு அத்தூண்கள் நிற்கின்றன.

மண்டபம் வடக்கு, கிழக்கு, மேற்கு ஆகிய மூன்று திசைகளிலும் திறந்திருக்கிறது. மேற்குப் பகுதியில் நான்கு வாயில்களுடைய கருவறையில் இலிங்கம் அமைந்திருக்கிறது. வாயிலுக்கு இருவராக எட்டுத் துவாரபாலகர் நெடிதுயர்ந்து காவல் நிற்கின்றனர். வடக்கு வாயிலில் நுழைந்து நேரே நோக்கினால், தென்சுவரின் நடுவே, அரையிருளில், உலகப் புகழ்பெற்ற அந்த மூன்று முகங்கள் தெரியும். உயரம் ஏறக்குறைய மூன்று ஆள் உயரம். இதனைத் திரிமூர்த்தி என்று பலரும் வழங்குவர். ஆனால் பிரமன், திருமால், உருத்திரன் என மூவர் இங்கே இல்லை. இது சதாசிவ வடிவம் என்பதே அறிஞர் துணிபு. நடுமுகம் கண்மூடி அமைந்த தற்புருடம். நமக்கு இடப்புறத்தே மீசையும் சினமும் பாம்பும் கொண்டு விளங்குவது அகோரம். வலப்புறத்தே தாமரை ஏந்திய மென்மை பொருந்தியது வாமதேவம். பின்புறத்து முகமும் மேல்நோக்கிய முகமும் பாறைக்குள் மறைந்திருப்பதாகக் கொள்ளல் வேண்டும். அழிப்பும் அருளும் இருபுறம் நிற்க, இரண்டுக்கும் நடுவே அசைவின்றி இருக்கும் அமைதியைச் சிற்பி கல்லில் காட்டிவிட்டான்.

சுற்றியுள்ள சுவர்களில் காணப்படுபவை நம் தமிழ்நாட்டுக் கோயில்களில் இளமை முதல் நாம் பழகிய திருவுருவங்களே. சதாசிவத்தின் கிழக்கே மாதொருபாகன். மேற்கே கங்கையைச் சடையில் ஏற்ற கங்காதரன். தென்மேற்கில் உமையின் திருமணம். இலிங்கக் கருவறைக்கு எதிரே அந்தகாசுரனை அழிக்கும் கோலம். வடக்கு வாயிலின் இருமருங்கும் ஆடவல்லானும் யோகீசுவரனும். கிழக்கு வாயிலின் ஒருபுறம் கயிலையில் அம்மையும் அப்பனும். மறுபுறம் அக்கயிலையைப் பெயர்க்க முயலும் இராவணன்.

பழகிய உருவங்கள் எனினும் வேறுபாடுகளும் உண்டு. இங்குள்ள ஆடவல்லான், சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளால் நாம் அறிந்த ஆனந்தத் தாண்டவக் கோலத்தில் இல்லை. அத்திருமேனிகள் தோன்றுவதற்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்டது இச்சிற்பம். கயிலையைப் பெயர்க்கும் இராவணனைப் பார்த்தவுடன் நமக்குத் திருஞானசம்பந்தர் நினைவுக்கு வருவார். தம் பதிகங்களின் எட்டாம் பாடலில் இராவணன் செய்தியை அமைப்பதை வழக்கமாகக் கொண்டவர் அவர். அவர் வாழ்ந்த 7-ஆம் நூற்றாண்டுக்கு முன்பே இந்நாட்டின் மேலைக் கரையில் அக்கதை கல்லில் நின்றிருக்கிறது. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக் குகையில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கங்காதரரைக் கண்டவர்கள், இங்குள்ள கங்காதரரையும் அதனோடு ஒப்பிட்டு நோக்கி மகிழலாம். நெடுந்தொலைவில் வாழ்ந்த இரு மரபினர் ஒரே கருத்தைத் தத்தம் பாறையில் தத்தம் கைவண்ணத்தில் வடித்திருக்கின்றனர். வந்த ஊரில் நாம் அயலாரல்லர் என்பதை இச்சுவர்கள் அமைதியாக உணர்த்துகின்றன.

இழந்த கல்லும் உடைந்த யானையும்

இத்துணைப் பெரிய கோயிலைச் செய்வித்தவன் யார்? 6-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது இது என்றும், கலசூரி மரபைச் சேர்ந்த கிருஷ்ணராசன் காலத்தில் எழுந்திருக்கலாம் என்றும் அறிஞர் பலர் கூறுவர். இத்தீவில் கிடைத்த அவன் காலத்துச் செப்புக் காசுகளையும், சிற்பங்களின் அமைதியையும் அதற்குச் சான்றாகக் காட்டுவர். திட்டமாகச் சொல்லக்கூடிய கல்வெட்டு இன்று இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. இங்கே எழுத்துப் பொறித்த கல் ஒன்று இருந்ததென்றும், போர்த்துக்கீசியர் அதனைப் பெயர்த்துத் தம் அரசருக்கு அனுப்பினர் என்றும், அங்கும் அதனைப் படித்தறிய இயலவில்லை என்றும் அவர்களுடைய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூத்தோ எழுதியுள்ளார். அக்கல் பின்னர்க் காணாமற் போயிற்று.

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி இக்கோயிலை அமைத்தேன் என்று கல்லிலே பொறித்து வைத்தான். அக்கல் அதன் இடத்திலேயே இருப்பதனால் அவன் பெயர் நமக்குத் தெரிகிறது. காராபுரியின் கல் இடம் பெயர்ந்ததனால் அதைச் செய்வித்தவன் பெயர் மறைந்தது. ஒரு கல்லை அதன் இடத்தில் விட்டுவைப்பதற்கும் எடுத்துச் செல்வதற்கும் உள்ள வேறுபாடு இத்துணைப் பெரிது.

தீவுக்குப் பெயர் தந்த யானையின் கதையும் அத்தகையதே. 1814-இல் அதன் தலையும் கழுத்தும் இற்று விழுந்தன. 1864-இல் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டு செல்ல முயன்றபோது பாரந்தூக்கி முறிந்து யானை துண்டு துண்டாயிற்று. துண்டுகளை மும்பைக்குக் கொண்டு வந்து போட்டனர். 1914-இல் அவற்றை ஒன்று சேர்த்து நிறுத்தினர். பைகுலாவில் டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தின் அருகே அந்த யானையை இன்றும் காணலாம். யானைத் தீவில் யானை இல்லை. நகரத்தில் ஒட்டுப்போட்ட யானை நிற்கிறது.

குகைக்குள்ளும் சேதம் மிகுதி. பல உருவங்களுக்குக் கைகளும் கால்களும் இல்லை. போர்த்துக்கீசிய வீரர்கள் இவற்றைக் குறிவைத்துச் சுட்டுப் பழகினர் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. மழைநீர்க் கசிவும் உப்புக்காற்றும் தம் பங்குக்கு அரித்தன. பின்னர் வந்தவர்கள் சுவரில் தம் பெயரைக் கீறிச் சென்றதும் உண்டு. இவ்வளவுக்கும் பின்னர் எஞ்சியிருப்பதையே நாம் காண்கிறோம். கையால் தொடாதிருத்தலும், சாய்ந்து நின்று படம் எடுக்காதிருத்தலும் காவலர் கூறுவதற்காக மட்டும் கைக்கொள்ள வேண்டியவை அல்ல.

தீவில் வாழ்வோர்

காராபுரியில் ராஜ்பந்தர், ஷேத்பந்தர், மோராபந்தர் என்னும் மூன்று சிற்றூர்கள் உள்ளன. மக்கள் தொகை ஏறத்தாழ 1,200. மீன்பிடித்தலும் சிறு வேளாண்மையும் பழைய தொழில்கள். இன்று பெரும்பாலோர் வாழ்வு வருவோர் போவோரை நம்பியது. படிக்கட்டில் கடை வைத்திருப்போர், டோலி தூக்குவோர், சிற்றுண்டி ஆக்குவோர், மாங்காயும் வெள்ளரியும் நறுக்கி விற்கும் பெண்கள் ஆகியோர் எல்லாம் பெரும்பாலும் இவ்வூராரே.

மும்பை நகரத்தின் விளக்குகள் ஒவ்வோர் இரவும் இவர்கள் கண்ணெதிரே எரிந்தன. இவர்கள் வீட்டிலோ பல ஆண்டுகள், மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடும் டீசல் இயந்திரத்தின் மின்சாரமே இருந்தது. இயந்திரம் நின்றால் மண்ணெண்ணெய் விளக்கு. நாடு விடுதலை பெற்று 70 ஆண்டுகள் கழிந்த பின்னர், 2018 பிப்ரவரியில்தான் கடலடியில் ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பி பதித்து நிலையான மின்சாரம் கொண்டு வந்தனர். 10 கிலோமீட்டர் தொலைவில் நாட்டின் மிகப் பெரிய வணிக நகரம். இடையே 70 ஆண்டுகள். கடல் என்பது எவ்வளவு அகலம் உடையது என்பதை இக்கணக்கு காட்டும்.

மின்சாரம் வந்ததனால் கடல் சுருங்கிவிடவில்லை. மேற்படிப்புக்கும், பெரிய மருத்துவத்துக்கும், திருமணத்துக்கு வேண்டிய துணிமணிக்கும் படகேறியே செல்ல வேண்டும். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகுகள் நிற்கும். பார்வையாளர் வருகையும் குன்றும். கடைக்காரர் வருவாயும் குன்றும். ஊர்தி ஓடாத அமைதி என்று நாம் போற்றுவது, நள்ளிரவில் காய்ச்சல் கண்ட குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கும் தாய்க்கு வேறு பொருள் தரும்.

இதனால், தீவுக்குப் பாலம் அமைத்துக் கார்களை ஓடவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு செய்தால் குன்றடியில் ஊர்தி நிறுத்துமிடமும் புகையும் பெருகும். சிற்பத்துக்கும் ஊருக்கும் ஊறு விளையும். ஊர்தி வாராமலே மின்கம்பி வந்தது போல, பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் வேண்டிய வசதிகளும் தீவின் உருவம் கெடாமல் வருவதற்கு வழி உண்டு. நம் போன்ற விருந்தினர் செய்யத்தக்கது சிறியதே. நுழைவிடத்தில் கிராமப் பஞ்சாயத்து வாங்கும் சிறு வரியை முகம் சுளிக்காமல் தரலாம். வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டு சென்றாலும், பழமோ மோரோ இவ்வூர்ப் பெண்களிடம் வாங்கலாம். கொண்டு சென்ற நெகிழித் தாளையும் புட்டியையும் திரும்பக் கொண்டு வரலாம். குப்பையை அகற்றுவதும் ஒரு தீவில் எளிதன்று.

செல்வோர்க்குச் சில குறிப்புகள்

திங்கட்கிழமை குகைகள் மூடியிருக்கும். மற்ற நாள்களில் காலைப் படகிலேயே செல்வது நன்று. கூட்டம் குறைவு, வெயிலும் தணிவு. ஐப்பசி முதல் மாசி வரை ஏற்ற காலம். மழைக்காலத்தில் படகு உண்டா என்று முன்னரே விசாரித்துச் செல்ல வேண்டும். கட்டணங்கள் அவ்வப்போது மாறும். படகுச்சீட்டை வாயிலருகே உள்ள சாளரத்தில் மட்டும் வாங்குக. திரும்பும் படகுக்கும் அச்சீட்டே தேவைப்படலாமாதலின் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கடைசிப் படகு எப்போது என்பதை இறங்கும்போதே கேட்டுக்கொள்வது முறை. பார்வையாளர் இரவில் தங்குவதற்குத் தீவில் இடமில்லை.

குன்றில் குரங்குகள் மிகுதி. தின்பண்டப் பொதியைக் கையில் வெளித்தெரிய ஏந்திச் செல்வது தகாது. படி ஏறுவதற்கேற்ற காலணி வேண்டும். குகையில் குறைந்தது ஒன்றரை மணி நேரம் இருக்கத் திட்டமிடுக. உள்ளே நுழைந்தவுடன் கண் இருளுக்குப் பழகச் சிறிது நேரம் ஆகும். அதுவரை சதாசிவத்தின் எதிரே அமைதியாக அமர்ந்திருங்கள். முதலில் நடுமுகம், பிறகு இடமுகம், பின்னர் வலமுகம் எனத் தெளிவு பெறும். பிள்ளைகளுக்கு இராவணன் கதையையும் கங்கை இறங்கிய கதையையும் அங்கேயே தமிழில் சொல்லுங்கள். வேற்று மாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு, வீட்டில் பாட்டி சொன்ன கதை தாம் வாழும் ஊரின் பாறையிலும் இருக்கிறது என்று தெரிய வருவது சிறிய செய்தியன்று. கால் வலுவுள்ளவர்கள் குன்றின் மேலேறி, ஆங்கிலேயர் விட்டுச் சென்ற இரண்டு பீரங்கிகளையும், நாற்புறமும் விரிந்த கடலையும் கண்டு வரலாம்.

மும்பையில் வாழ்வோர்க்கு ஒரு விடுமுறை நாள் போதும். பிற மாநிலங்களிலிருந்து மும்பை வழியாக ஊர் செல்வோர் பயணத்தில் ஒருநாள் கூட்டிக்கொண்டால் போதும். தாய்நாட்டுக் கோயில்களை நினைந்து ஏங்கும் நாம், வாழ வந்த நாட்டின் கோயிலையும் நம்முடையதாகக் கொண்டால் இரண்டு ஊர்க்கும் உரியவர்கள் ஆவோம். அக்கோயிலை அன்றாடம் காத்து நிற்கும் ஊராரின் நிலையையும் அறிந்து வந்தால், பார்வையாளராகச் சென்றவர் விருந்தினராகத் திரும்புவர்.